காதல் வேறு, ‘லவ்’ வேறா?

ஆங்கிலேயன் கப்பலேறிப் போனான். அவன் விட்டுச் சென்ற சொற்களோ இராயபுரத்திலும் எண்ணூரிலும் நிலையாகக் குடியேறிவிட்டன. அவற்றுள் ஒன்று ‘லவ்’. இரண்டே எழுத்து, ஆனால் அது வட சென்னை வீடுகளில் விளைக்கும் கலகமோ கொஞ்சமன்று!

அச்சொல்லை அவன் எங்கெல்லாம் வைக்கிறான், காணீர்! கடவுளிடத்தும் அதே சொல். தாயிடத்தும் அதே சொல். நாய்க்குட்டிக்கும், நல்ல தேநீருக்கும் அதே சொல்! கடிதத்தை முடிக்கையில் தன் பெயருக்கு மேலே அதனை எழுதுகிறான். அவன் நாட்டின் வடபகுதியில், முன்பின் அறியாத வாடிக்கையாளரையும் கடைக்காரப் பெண் அச்சொல்லால் வாஞ்சையுடன் அழைக்கிறாள். டென்னிஸ் ஆட்டத்தில் மட்டும் அதற்குப் பொருள் சுழியம்!

இத்தனை பொருள்களில் நம்மவர் எதனை எடுத்துக்கொண்டனர்? அன்பு, பாசம், நேயம், நட்பு, காதல் என்று சொற்செல்வம் குவிந்து கிடக்கும் மொழியிலே இந்த இரவல் சொல் எதற்கு? ஏசுவதற்கு! ‘காதலித்தாள்’ என்றால் காவியம் நினைவுக்கு வரும். ‘லவ் பண்ணிட்டா’ என்றால் காவல் நிலையம் நினைவுக்கு வரும். ஏசுவதற்கென்றே வாங்கிய சொல், தோழர்களே!

நாம் பணியாற்றும் பள்ளிக்குத் தந்தை ஒருவர் வந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கித் தேய்ந்த தோள். கையில் மாற்றுச் சான்றிதழுக்கான விண்ணப்பம். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. கணக்கில் முதல் மாணவி. அவள் செய்த குற்றம், வேறு தெருப் பையனிடம் இயற்பியல் குறிப்பேட்டை இரவல் வாங்கியது. “நாளைக்கு லவ்வு கிவ்வுன்னு ஆயிட்டா நான் தெருவுல தலைநிமிர முடியுமா, சார்?” என்றார். ஒரு மணி நேரம் வாதாடினோம், தோற்றோம். மறுநாள் வருகைப் பதிவேட்டில் அவள் பெயரின்மேல் சிவப்புக் கோடு இழுத்தது நம் கைதான்!

அவரை மட்டும் நோவானேன்? அத்தெருவின் நாக்கை அன்றோ அவர் அஞ்சினார்! ‘இது மேனாட்டு நோய்; கப்பலில் வந்த சரக்கு’ என்கிறது அந்த நாக்கு. அப்படியானால் திருவொற்றியூர்க் கோயிலில் மாசித் திருவிழாவின்போது நடக்கும் மகிழடி சேவை எந்தக் கப்பலில் வந்தது? சுந்தரர் ஆதிசைவர், சங்கிலியார் ஞாயிறு என்னும் ஊரின் வேளாளர் மகள். கண்டார், காதலித்தார், மகிழ மரத்தடியில் பிரியேன் என்று சூளுரைத்து மணந்தார் என்கிறது பெரியபுராணம். திருவாரூரில் பரவையார் காத்திருக்க இங்கொரு மணம் புரிந்தவரை நாம் போற்றவில்லை. சூளை மீறிப் புறப்பட்டுக் கண்ணிழந்த கதையையும் நாம் நம்பவில்லை. கேட்பது ஒன்றே: குலம் கடந்த காதலுக்குக் கோயிலிலே விழா, வீட்டிலே வசையா? அடியார் செய்தால் அருள். அண்டை வீட்டுப் பெண் செய்தால் ‘லவ்’ஸா?

தொல்காப்பியம் கற்பியலுக்கு முன்னே களவியலை வைத்தது. வள்ளுவர் இன்பத்துப்பாலுக்கு 25 அதிகாரங்கள், 250 குறட்பாக்கள் தந்தார். அவற்றுள் ஒன்றிலேனும் ‘நீ என்ன சாதி?’ என்று காதலன் கேட்கவில்லை; காதலியும் கேட்கவில்லை.

சட்டமும் துணை நிற்கிறது. 1967இல் அண்ணாவின் ஆட்சி சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு அளித்தது. புரோகிதர் வேண்டா; மாலை மாற்றினாலே போதும். வயது வந்த இருவர் விரும்பி மணப்பதில் சாதிக் கூட்டம் தலையிடுவது சட்டவிரோதம் என்று 2018இல் உச்சநீதிமன்றம் உரைத்தது. ஆயினும் என்ன? 2003இல் விருத்தாசலம் அருகே கண்ணகிக்கும் முருகேசனுக்கும் நஞ்சு புகட்டினர். 2016இல் உடுமலைப்பேட்டைக் கடைத்தெருவில், பட்டப்பகலில், சங்கரை வெட்டி வீழ்த்தினர். அன்பின் மதிப்பு சுழியம் என்று இங்கேயும் கணக்கெழுதினர். டென்னிஸ் களத்தில் அன்று, குருதிக் களத்தில்!

அரிவாளை எடுத்த கை சிலருடையது. ஆனால் அதற்கு முன்பே ‘லவ் மேட்டர்’ என்று இளித்த வாய்கள் எத்தனை! தேநீர்க் கடையில், தெருக்குழாயடியில், ஏன், நம் ஆசிரியர் ஓய்வறையிலும் அல்லவா அந்த இளிப்பைக் கேட்கிறோம்! அந்த இளிப்புதான் ஒரு தந்தையை விண்ணப்பத்தோடு பள்ளி வாசலுக்குத் துரத்தியது.

ஆசிரியத் தோழர்களே! ஆங்கிலச் சொல்லை ஓட்டுவது நம் நோக்கமன்று. அதனுள் நாம் திணித்த அழுக்கை ஓட்டுவோம். பெண்ணொருத்தி பையனிடம் குறிப்பேடு வாங்கினால், அது குறிப்பேடு. நட்புக் கொண்டால், அது நட்பு. படித்து, வளர்ந்து, தன் வாழ்க்கைத் துணையைத் தானே தேர்ந்தால், அது காதல். அவற்றை அந்தந்தப் பெயராலேயே அழைப்போம். இனியொரு பெயரின்மேல் அந்தச் சிவப்புக் கோடு விழாதிருக்கட்டும்!