பழைய போனையும் டிவியையும் போகிக் குப்பையோடு கழிக்காதீர்கள்



வட சென்னையில் வசித்து, கல்லூரிகளில் படிக்கும் மாணவர்கள் நாங்கள். எங்களில் கணினி படிப்பவர்கள் உண்டு, வேதியியல் படிப்பவர்கள் உண்டு, வணிகவியல் படிப்பவர்களும் உண்டு. கொடுங்கையூர் குப்பைமேட்டின் புகையும் நாற்றமும் எங்களில் பலருக்குப் பிறந்ததிலிருந்தே பழக்கம்.

போகி நெருங்குகிறது. பரணை ஒழித்து, அலமாரியைத் துடைத்து, வேண்டாததைக் கழிக்கும் நாள்கள் இவை. அப்படிக் கழிக்கும்போது ஒரே ஒரு வகைப் பொருளை மட்டும் தனியே எடுத்து வையுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம். மின்சாரத்திலோ பேட்டரியிலோ ஓடிய எதையும் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். எரிக்காதீர்கள். எடைக்குப் போட்டுக் கைகழுவிவிடாதீர்கள்.

எங்கள் வீடுகளில் தேடிப் பார்த்தோம். பட்டன் தேய்ந்த பழைய நோக்கியா, டிஸ்பிளே போன ஸ்மார்ட்போன், எந்தப் போனுக்கு உரியது என்றே தெரியாத சார்ஜர்கள், ஒரு காது மட்டும் கேட்கும் இயர்போன், உப்பிய பேட்டரி, எரியாத சிஎஃப்எல் பல்பு, ரிமோட்டிலிருந்து கழற்றிய செல்கள், மோட்டார் கருகிய மிக்ஸி. ஓரளவு வசதியுள்ள வீடுகளில் மட்டும் இருக்கும் சாமான்கள் இல்லை இவை. ஒற்றை அறை வாடகை வீட்டிலும் பழைய சார்ஜர் கிடக்கிறது.

தமிழ்நாட்டுக்கு இதில் தனிக் கணக்கு ஒன்றும் உண்டு. 2006 முதல் அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் ஒரு கோடிக்கும் மேல். 2011 முதல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வந்தன. மாணவர்களுக்கு மடிக்கணினி வந்தது. எங்கள் அக்கா அண்ணன்மார் பலர் முதன்முதலில் தொட்ட கணினி அதுதான். அந்தத் திட்டங்களை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பொருள்களுக்கெல்லாம் இப்போது வயதாகிவிட்டது. கொடுக்கும்போது ஊரெல்லாம் விழா நடந்தது. திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் ஏற்பாடு இல்லை.

பின்பக்கம் புடைத்த அந்தப் பிக்சர் டியூப் டிவி ஒன்று, பிரிக்கும் இடத்துக்குப் போனால் என்ன ஆகிறது? முதலில் முதுகு மூடியைக் கழற்றுவார்கள். டியூபின் கழுத்தில் மாட்டியிருக்கும் செம்புக் கம்பிச் சுருள்தான் காசாகும் சரக்கு. அதை உருவுவதற்குக் கழுத்தைச் சுத்தியலால் ஒரே தட்டு. எக்ஸ் கதிர் வெளியே கசியாமல் இருக்க, டியூபின் பின்பகுதிக் கண்ணாடியில் ஈயம் கலந்திருப்பார்கள். முன்பகுதிக் கண்ணாடியின் உட்புறம் பூசிய பொடி, உடைத்ததும் பறந்து மூச்சில் ஏறும். செம்புக்கு எடை போட்டுக் காசு கிடைக்கும், கண்ணாடியை யாரும் வாங்க மாட்டார்கள். அது காலி மனையிலோ கால்வாய்க் கரையிலோ போய்ச் சேரும். மழை பெய்தால் அதிலுள்ள ஈயம் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணில் இறங்கும்.

ஒயர்களின் கதை வேறு. பிளாஸ்டிக் உறையைக் கையால் உரிக்க நேரமாகும் என்று மொத்தமாகக் குவித்துக் கொளுத்துகிறார்கள். அந்த உறை பெரும்பாலும் பி.வி.சி. அது அரைகுறையாக எரியும்போது டையாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டாகிறது. சர்க்யூட் போர்டுகளைச் சட்டியில் சூடாக்கி ஈயத்தை உருக்கி எடுக்கிறார்கள். பிறகு அமிலத்தில் ஊறவைத்துத் தங்கத்தையும் வெள்ளியையும் பிரிக்கிறார்கள். மிச்ச அமிலம் சாக்கடைக்குப் போகிறது. இத்தனையும் கையுறையோ முகக்கவசமோ இல்லாமல், பல இடங்களில் குடியிருப்புக்கு நடுவிலேயே நடக்கின்றன.

குழந்தைகளுக்கு ஈயம் எவ்வளவு உள்ளே போனால் ஆபத்தில்லை என்று கேட்டால், அப்படி ஓர் அளவே தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்தத்தில் கொஞ்சம் கலந்தாலும் மூளை வளர்ச்சி குன்றலாம், கவனம் சிதறலாம், படிப்பு ஏறாமல் போகலாம். போர்டு உருக்கும் சட்டிக்குப் பக்கத்தில் விளையாடும் குழந்தை மக்காக இருக்கிறான் என்று நாளைக்குப் பள்ளியில் திட்டு வாங்கினால், அதில் நம் வீட்டுப் பழைய போனுக்கும் பங்கு இருக்கிறது.

இந்த வேலை செய்கிறவர்களைக் குற்றம் சொல்வது எங்கள் நோக்கமில்லை. தள்ளுவண்டியில் தெருத்தெருவாக வந்து பழைய இரும்பு, பிளாஸ்டிக், பேப்பர் வாங்கும் அண்ணன்கள் இல்லாவிட்டால் சென்னை இன்னும் நாறியிருக்கும். காயலான் கடைக்காரர்கள் காப்பாற்றிய இரும்புக்கும் காகிதத்துக்கும் அளவே இல்லை. கிடைப்பதைப் பிரித்து வயிறு வளர்க்கிறார்கள். பிரிக்கக் கூடாத பொருளை அவர்கள் கையில் கொடுத்தவர்கள் வாங்கி அனுபவித்த நாம்தான். ஒரு பொருளை விலை கொடுத்து வாங்குகிறவருக்கு அதைச் சேர வேண்டிய இடத்தில் சேர்க்கும் பொறுப்பும் உண்டு. நாங்கள் சொல்ல வந்தது இதுதான்.

உலகம் முழுவதும் 2022ஆம் ஆண்டில் சேர்ந்த மின்னணுக் குப்பை 6.2 கோடி டன் என்று ஐ.நா. அமைப்புகள் கணக்கிட்டிருக்கின்றன. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம். இந்தக் குப்பையை அதிகம் உண்டாக்கும் நாடுகளின் வரிசையில் சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் அடுத்து இந்தியா நிற்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. புதிய மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. போன், டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் என்று 106 வகைப் பொருள்கள் அதில் அடங்கும். தயாரித்து விற்ற நிறுவனம், ஆயுள் முடிந்த பொருள்களில் குறிப்பிட்ட பங்கைப் பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைகள் மூலம் மறுசுழற்சி செய்ததாகக் கணக்குக் காட்ட வேண்டும். முதல் 2 ஆண்டுகளுக்கு அந்தப் பங்கு 60 சதவீதம், அடுத்த 2 ஆண்டுகளுக்கு 70, அதன் பிறகு 80. பேட்டரிகளுக்கு 2022இலேயே தனி விதிகள் வந்துவிட்டன. செல், பல்பு, டியூப்லைட் போன்றவற்றை மற்றக் குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே சொல்லிவிட்டன. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. நம் வீட்டு வாசலுக்கும் அந்த ஆலைக்கும் இடையில்தான் பாதை போடவில்லை.

ஆகவே உங்கள் ஒவ்வொருவரிடமும் நாங்கள் கேட்டுக்கொள்வது:

1. வீட்டில் ஓர் அட்டைப்பெட்டி வையுங்கள். கெட்டுப்போன சார்ஜர், இயர்போன், செல், ரிமோட் எல்லாம் அதற்குள் போகட்டும். உப்பிய பேட்டரியை மட்டும் அதில் சேர்க்காதீர்கள். அதைக் குத்தவோ மடக்கவோ வெயிலில் வைக்கவோ கூடாது, தீப்பிடிக்கும். வெறும் தகர டப்பாவில் மணல் போட்டு அதில் வைத்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் தள்ளி வையுங்கள். சீக்கிரம் ஒப்படைத்துவிடுங்கள்.

2. எதையும் வீட்டில் உடைக்காதீர்கள். பிக்சர் டியூப் டிவியை முழுசாகவே கொடுங்கள். டியூப்லைட் உடைந்தால் பாதரச ஆவி வெளியேறும், அதையும் முழுசாகவே கொடுங்கள்.

3. பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனங்களின் பட்டியல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் இருக்கிறது. போன், டிவி விற்கும் பெரிய நிறுவனங்கள் பலவும் பழையதைத் திரும்பப் பெறும் ஏற்பாடு வைத்திருக்கின்றன. அவர்களின் வாடிக்கையாளர் எண்ணுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். தனி ஆளாகக் கொடுக்கச் சிரமம் என்றால் அடுக்ககமாக, தெருவாக, சுயஉதவிக் குழுவாகச் சேர்த்துக் கொடுக்கலாம்.

4. போகியன்று டயர், பிளாஸ்டிக், ஒயர் எதையும் நெருப்பில் போடாதீர்கள். 2018 போகியன்று புகைமூட்டத்தில் சென்னையில் இறங்க முடியாமல் விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டார்கள். விமானத்துக்கு வேறு ஊர் இருக்கிறது. ஆஸ்துமா உள்ள பாட்டிக்கு அதே தெருதான்.

5. வாங்குவதற்கு முன் ஒருமுறை ரிப்பேர் கடைக்குப் போய்வாருங்கள். ஆடித் தள்ளுபடி, தீபாவளி எக்ஸ்சேஞ்ச், வட்டியில்லா இ.எம்.ஐ. என்று ஆண்டு முழுக்க அழைப்பு வந்துகொண்டேதான் இருக்கும். ஒரு ஸ்மார்ட்போன் தன் ஆயுளில் உண்டாக்கும் கரியமில வாயுவில் பெரும்பகுதி, அது நம் கைக்கு வருவதற்கு முன்பே, தயாரிப்பிலேயே வெளியாகிவிடுகிறது. அதனால் ஒரு போனைக் கூடுதலாக 2 ஆண்டு ஓட்டுவதே பெரிய சிக்கனம். சென்னை ரிச்சி தெருவில் டிஸ்பிளே மாற்றவும் பேட்டரி மாற்றவும் கைத்தொழில் தெரிந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் ஊரிலும் அப்படி ஒரு கடைவீதி இருக்கும். அந்தக் கடைகள் பிழைத்தால்தான் நம் பொருள்களும் பிழைக்கும்.

உங்களுக்கு எழக்கூடிய சந்தேகங்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறோம். எங்கள் வீட்டுப் பெரியவர்களே கேட்டவைதாம் இவை.

"போனில் போட்டோ இருக்கிறது, வங்கி விவரம் இருக்கிறது, எப்படிக் கொடுப்பது?" நியாயமான பயம். வேண்டியதை வேறிடத்தில் சேமித்துவிட்டு, கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, ஃபேக்டரி ரீசெட் செய்து, சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டுக் கொடுங்கள். செய்யத் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பிள்ளையைக் கூப்பிடுங்கள், அஞ்சு நிமிஷ வேலை. ஆன் ஆகவே ஆகாத போனாக இருந்தால், உள்ளிருக்கும் தகவலை அழித்ததற்குச் சான்று தரும் மறுசுழற்சி நிறுவனமா என்று கேட்டுக் கொடுங்கள்.

"காயலான் கடையில் காசு கிடைக்குமே?" கிடைக்கும், மறுக்கவில்லை. நூறு இருநூறு ரூபாய் ஏழை வீட்டில் சின்னத் தொகை அல்ல என்பது எங்களுக்கும் தெரியும். அதனால்தான், ஒப்படைக்கிற பொருளுக்கு நியாயமான விலை கிடைக்க வேண்டும் என்பதையும் கீழே உள்ள எங்கள் கோரிக்கையில் சேர்த்திருக்கிறோம். அதுவரை, காசு பெறாத சார்ஜர், செல், டியூப்லைட் போன்றவற்றையாவது தனியே பிரித்து ஒப்படையுங்கள்.

மாநகராட்சியையும் அரசையும் நாங்கள் கேட்பவை மூன்று. வார்டுதோறும் மாதத்தில் ஒரு நாளை மின்னணுக் குப்பையை நியாயமான விலைக்கு வாங்கும் நாளாக அறிவித்து, அந்த வண்டி வரும் நேரத்தை முன்கூட்டியே தெரிவியுங்கள். தள்ளுவண்டிக்காரர்களுக்கும் காயலான் கடைக்காரர்களுக்கும் அடையாள அட்டை கொடுத்து, அவர்கள் சேர்க்கும் போனையும் டிவியையும் பிரிக்காமல் முழுசாகப் பதிவு பெற்ற ஆலைக்கே விற்க வழி செய்யுங்கள், உடைப்பதைவிட விற்பதில் அவர்களுக்கு அதிகக் காசு நிற்க வேண்டும். மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கும்போதே, அது பழுதானால் எங்கே சரிசெய்வது, ஆயுள் முடிந்தால் எங்கே ஒப்படைப்பது என்பதைப் பெட்டியின் மேலேயே தமிழில் அச்சிடுங்கள்.

தயாரிக்கும் நிறுவனங்களுக்கும் ஒரு சொல். பேட்டரியை ஒட்டுப்பசை போட்டு ஒட்டி, உதிரி பாகத்தைப் புதுப் போன் விலைக்குப் பக்கத்தில் விற்றால் யார் ரிப்பேர் செய்வார்கள்? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல் சந்தைக்கு வரும் போன்களுக்கு, விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டு வரை முக்கிய உதிரி பாகங்கள் கிடைக்கச் செய்வது கட்டாயம். அங்கே முடிவது இங்கேயும் முடியும். இந்தியாவிலும் நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கென ஓர் இணையவாசலைத் தொடங்கியது. அந்த உரிமையைச் சட்டமாக்க வேண்டும் என்று கேட்கிறோம்.

நாங்கள் தொழில்நுட்பத்துக்கு எதிரிகள் இல்லை. அதைப் படித்துத்தான் வேலைக்குப் போகப் போகிறோம். நாளைக்கு எங்களில் சிலரே போன் வடிவமைக்கும் இடத்தில் உட்காரலாம். அதனால்தான் அந்தப் பொருள் கடைசியில் யார் கையில் போய் உடைகிறது என்பதை இப்போதே தெரிந்துகொள்ள நினைக்கிறோம்.

இந்தப் போகிக்குப் பரணை ஒழிக்கும்போது பழைய போனும் டிவியும் தட்டுப்பட்டால் தனியே எடுத்து வையுங்கள். பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள். உங்கள் வார்டு கவுன்சிலரிடம், "இதை வாங்கிக்கொள்ள வண்டி எப்போது வரும்?" என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதில் வரும், தெருவே கேட்டால் வண்டியே வரும்.

இப்படிக்கு,
வட சென்னைக் கல்லூரி மாணவர்கள்