‘புற்றுநோய் இல்லை’ என்பதோடு நின்றுவிடலாமா?

திசுப் பரிசோதனை முடிவில் ‘புற்றுநோய் இல்லை’ என்ற வரியைப் படித்ததும் குடும்பத்தார் நிம்மதிப் பெருமூச்சு விடுவதைப் பலமுறை கண்டிருக்கிறோம். அந்த நிம்மதி நியாயமானதே. ஆனால் தாடை எலும்பில் தோன்றும் அமிலோபிளாஸ்டோமா என்னும் அரிய கட்டியைப் பொறுத்தவரை, அந்த ஒரு வரியைக் கொண்டு சிகிச்சையை முடிவு செய்வது தவறு என்பதே எங்கள் கருத்து.

பல்லின் எனாமலை உருவாக்கும் திசுக்களோடு தொடர்புடைய கட்டி இது. பெரும்பாலும் கீழ்த்தாடையில், கடைவாய்ப் பற்களை அடுத்து வளர்கிறது. பொதுவாக வலி இராது. ஆண்டுக்கணக்கில் மெல்லப் பருக்கும். பல் ஆடுவதைக் கண்டு, பல்லைப் பிடுங்கிய பின்னும் வீக்கம் வற்றாமல் எங்களிடம் வருவோர் உண்டு. எக்ஸ்ரேயில் சோப்புக் குமிழிகள் சேர்ந்தாற்போன்ற தோற்றம் ஐயத்தை எழுப்பும். வேறு சில கட்டிகளும் நீர்க்கட்டிகளும் அவ்வாறே தோன்றக்கூடும் என்பதால், சிறு துண்டெடுத்துச் சோதிக்காமல் சிகிச்சையைத் தொடங்கலாகாது.

‘கட்டியை மட்டும் சுரண்டி எடுத்துவிடுங்கள், எலும்பை வெட்ட வேண்டாம்’ என்று கேட்கிறார்கள். முகமல்லவா, கேட்கத்தான் செய்வார்கள். ஆயினும் இக்கட்டி, எக்ஸ்ரேயில் தெரியும் எல்லையைத் தாண்டி எலும்பின் நுண்ணறைகளுக்குள் ஊடுருவியிருக்கும். சுரண்டினால் அந்த எச்சம் தங்கிவிடும். பலருக்குக் கட்டி மீண்டும் வரும். இரண்டாம் அறுவை சிகிச்சை முதலாவதைவிடப் பெரிதாக அமையவும் கூடும். ஆகவே வழக்கமான வகையில், சுற்றிலும் 1 முதல் 2 சென்டிமீட்டர் வரை நல்ல எலும்பையும் சேர்த்து அகற்றுவதையே பரிந்துரைக்கிறோம். இளவயதினரிடம் மிகுதியாகக் காணப்படும் ஒற்றை அறை வகையில் சிலருக்குச் சிறிய சிகிச்சையே போதும். எனவே எந்த வகை என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இழந்த எலும்பை ஈடுசெய்ய வழி உண்டு. முழங்காலுக்குக் கீழே வெளிப்புறம் உள்ள மெல்லிய எலும்பை அதன் இரத்தக் குழாயோடு எடுத்துத் தாடையில் பொருத்துகிறோம். பின்னர் பலருக்குச் செயற்கைப் பற்களும் வைக்கலாம். நரம்பையும் அகற்ற நேர்ந்தால் கீழுதட்டில் மரத்த உணர்வு நிலைக்கக்கூடும்; இதை முன்னரே சொல்லிவிடுவது எங்கள் கடமை.

10 ஆண்டுகளுக்குப் பின்னும் கட்டி திரும்பிய நிகழ்வுகள் உண்டு. வலி இல்லையென்று மறுபரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். வரும்போது பழைய எக்ஸ்ரே படங்கள் அனைத்தையும், பல் பிடுங்கியபோது எடுத்தது உட்பட, கொண்டு வாருங்கள்.