தண்ணீரைக் குறைக்காதீர்கள்

மறதிநோய் வந்த பெரியவர் படுக்கையை நனைத்துவிட்டால், வீட்டில் முதலில் குறைவது அவருக்குக் கொடுக்கும் தண்ணீர்தான். பல வீடுகளில் பார்க்கிறேன், மனம் பதைக்கிறது. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து சிறுநீர்ப்பையை உறுத்தும், மலச்சிக்கல் கூடும், தொற்றுக்கும் வழி திறக்கும். நேற்றுவரை பேரனை அடையாளம் கண்டவர் திடீரென்று பிதற்றினால், மறதி முற்றிவிட்டது என்று முடிவுகட்டாமல், அந்தத் தொற்றாகவும் இருக்கலாம் என்று உடனே டாக்டரிடம் காட்டுங்கள். சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் கையோடு கொண்டுபோங்கள். மறதிக்குத் தரும் டோனெபெசில் சிலருக்குச் சிறுநீர் அவசரத்தைக் கிளப்பும். அதை அடக்க ஆக்ஸிபியூட்டினின் எழுதினால், அது மூளையை இன்னும் குழப்பக்கூடும். முதல் மருந்து நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் அசிடைல்கோலினைக் கூட்டுகிறது, இரண்டாவது அதன் வேலையைத் தடுக்கிறது. இரண்டையும் ஒரே உடம்புக்குள் மோதவிடுவது கொடுமை என்றே நினைக்கிறேன். டயப்பருக்கு முன்னால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. பாவாடை நாடாவின் முடிச்சை அவிழ்க்க அம்மாவின் விரல்கள் தடுமாறும் அரை நிமிடத்தில்தான் எல்லாம் நனைந்துபோகிறது. எலாஸ்டிக் வைத்துத் தைத்துக் கொடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, கேட்காவிட்டாலும், கைபிடித்துக் கழிப்பறைக்கு அழைத்துப்போங்கள். இரவில் அங்கே விளக்கு எரியட்டும். டாக்டர் தடை சொல்லாதவரை பகலில் தாராளமாகத் தண்ணீர் கொடுங்கள். படுக்கப்போகும் நேரத்தில் கொஞ்சம் குறைத்தால் போதும்.