எமக்குப் பின் யார்? பெற்றோரின் கேள்வியும் அரசின் மௌனமும்

ஐக்கிய நாடுகள் சபை 1992ஆம் ஆண்டு பிரகடனம் செய்ததிலிருந்து டிசெம்பர் 3ஆம் திகதி மாற்றுத்திறனாளிகளுக்கான சர்வதேச தினமாக உலகெங்கும் அனுஷ்டிக்கப்பட்டு வருகின்றது. எமது நாட்டிலும் அன்றைய தினம் மேடைகள் அமைக்கப்படுகின்றன. சக்கர நாற்காலிகளும் ஊன்றுகோல்களும் வழங்கப்படுகின்றன. சாதனையாளர்கள் பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கப்படுகின்றனர். இவற்றையெல்லாம் நாம் குறைகூறப் போவதில்லை. ஆயினும், அந்த மேடைகளுக்கு ஒருபோதும் கொண்டுவரப்படாத பிள்ளைகள் இருக்கின்றனர் என்பதை நினைவூட்ட வேண்டியுள்ளது. எழுந்து உட்கார முடியாத, வாய்திறந்து பேச முடியாத, உணவைக்கூட குழாய் மூலமோ மணிக்கணக்கில் சிறிது சிறிதாக ஊட்டியோ கொடுக்க வேண்டிய பிள்ளைகள் அவர்கள். அவர்களுடைய தாய்தந்தையரும் அந்த மேடைகளுக்கு வருவதில்லை. பிள்ளையை விட்டுவிட்டு வர அவர்களால் இயலாது.

'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லை நாம் மதிக்கின்றோம். அங்கவீனர், வலது குறைந்தோர் என்ற பழைய சொற்களின் இழிவைத் துடைக்கும் நல்ல நோக்குடனேயே அது வழக்குக்கு வந்தது. எனினும் அந்தச் சொல்லுக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கின்றது. ஒரு திறன் இல்லையாயின் மாற்றாக இன்னொரு திறன் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பே அது. ஜனகரின் சபையில் எள்ளி நகைக்கப்பட்ட அட்டாவக்கிரர் தமது ஞானத்தினால் அந்தச் சபையையே தலைகுனிய வைத்தார் என்கின்றன எமது புராணங்கள். பார்வையற்ற நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) பாங்கு சொல்லும் பொறுப்பை வகித்ததையும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவை விட்டு வெளிச்சென்ற வேளைகளில் நகரின் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டதையும் இஸ்லாமிய வரலாறு பெருமையுடன் பேசுகின்றது. இரண்டுமே போற்றத்தக்க முன்மாதிரிகள்தாம். ஆனால் எந்தச் சபையிலும் வாதம் புரியப்போவதில்லாத, எந்தப் பொறுப்பையும் ஏற்கப்போவதில்லாத ஒரு பிள்ளை தனது இருப்பை எந்தத் திறமையைக் காட்டி நியாயப்படுத்த வேண்டும்? பெற்றோர் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. கேட்பவர்கள் மற்றவர்களே.

இத்தகைய பிள்ளையொன்றைப் பராமரிப்பது என்றால் என்னவென்று அதைச் செய்யாதவர்களுக்கு விளங்குவது கடினம். படுக்கைப் புண் வராதிருக்க இரவிலும் சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். வலிப்பு எப்போது வருமென்று தெரியாது. விழுங்கும் போது உணவு சுவாசப் பாதைக்குள் போனால் நியுமோனியா. அதனால் ஒவ்வொரு கவளமும் ஒரு கவலை. ஐந்து வயதில் இடுப்பில் தூக்கிய பிள்ளையை இருபது வயதிலும் தூக்க வேண்டியிருக்கின்றது. தூக்குகின்ற தாய்க்கோ அப்போது ஐம்பதாகி, நாரிப்பிடிப்பும் நீரிழிவும் வந்துவிடுகின்றன. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை நாம் எல்லோரும் எரிபொருள் வரிசைகளாகவே நினைவில் வைத்திருக்கின்றோம். அந்த ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டபோது, சளியை உறிஞ்சியெடுக்கும் இயந்திரத்தை நம்பியிருந்த பிள்ளைகளின் வீடுகளில் அந்த இருள் வேறு அர்த்தம் கொண்டிருந்தது. மருந்துத் தட்டுப்பாட்டின் போது வலிப்பு மாத்திரைகளைத் தேடி மருந்தகம் மருந்தகமாக அலைந்தவர்களும் இந்தப் பெற்றோரே. மலசலத் துணிகளின் விலை ஏறியபோது பழைய சாரங்களும் சேலைகளும் கிழிக்கப்பட்டன.

எமது சமூகங்கள் இத்தகைய தாய்மாரைப் போற்றுவதில் குறைவைப்பதில்லை. தெய்வம் என்கின்றோம், பொறுமைக்குச் சுவர்க்கம் உண்டு என்கின்றோம். அதே வாய்களே முற்பிறவி வினை என்றும், இறைவனின் சோதனை என்றும், தாயின் வயிற்றில் ஏதோ கோளாறு என்றும் பேசுகின்றன. மூத்த பெண்ணுக்குச் சம்பந்தம் பேச வருவோரின் கண்ணில் படாமல் பிள்ளையை உள்ளறையில் கிடத்திக் கதவைச் சாத்தும் வழக்கம் தமிழர் வீடுகளிலும் உண்டு. முஸ்லிம் வீடுகளிலும் உண்டு. இப்புகழ்ச்சி பற்றி எமக்கு ஒரு மனக்குறை உள்ளது. தாயன்பு எல்லையற்றது என்று சொல்லிவிட்டால், அந்த அன்புக்குத் துணையாக வேறு எதையும் எவரும் செய்யவேண்டியதில்லை என்றாகிவிடுகின்றது. எல்லையற்றதற்கு எவராவது கொடுப்பனவு வழங்குவார்களா?

உண்மையில் இந்தப் பெற்றோர் அன்பு செலுத்துவதுடன் நின்றுவிடுவதில்லை. அவர்களே தாதியர், அவர்களே இயன்மருத்துவர், பிரதேச செயலகத்தில் படிவம் நிரப்பும் எழுதுவினைஞரும் அவர்களே. கொழும்பு சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குப் பிள்ளையுடன் வரும் வடக்கு கிழக்குத் தாய், சிங்களம் தெரியாத நிலையில், பிள்ளையின் மொழியில்லாத மொழியை முதலில் தமிழாக்கி, பின்னர் எவரையாவது கெஞ்சிச் சிங்களமாக்க வேண்டியிருக்கின்றது. றாகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்துடன் இணைந்து இயங்கும் 'அயதி' நிலையம் போன்றவை வரவேற்கத்தக்கவை. ஆனால் முல்லைத்தீவிலோ மூதூரிலோ பொத்துவிலிலோ இருந்து வாராவாரம் றாகமைக்குப் போய்வருவது யாருக்குச் சாத்தியம்? தமிழ் மொழியில் பணியாற்றக்கூடிய பேச்சுச் சிகிச்சையாளர்களின் பற்றாக்குறை நீண்டகாலமாகப் பேசப்படும் விடயம். கோண்டாவிலில் சிவபூமிப் பாடசாலையும் மட்டக்களப்பில் ஓசானம் இல்லமும் ஆற்றிவரும் பணி பெரிது. அவை பொதுமக்களின் தருமத்தில் உருவானவை. அரசு செய்யவேண்டியதைத் தருமம் செய்கின்றது.

சட்டத்தின் பக்கம் திரும்புவோமாயின், எமது அரசியலமைப்பின் 12(4)ஆம் உறுப்புரை பெண்கள், பிள்ளைகள், இயலாமையுடையோர் ஆகியோரின் முன்னேற்றத்துக்காக விசேட ஏற்பாடுகளைச் செய்ய இடமளிக்கின்றது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தேசிய சபையொன்றை உருவாக்கியதுடன், கல்வியிலும் தொழிலிலும் பாரபட்சம் காட்டப்படலாகாது என்றும் கூறியது. ஐ.நா. சமவாயத்தில் இலங்கை 2007இல் கைச்சாத்திட்டு, 2016 பெப்ரவரியில் அதனை உறுதிப்படுத்தியது. அச்சமவாயம் வெறும் நல்லெண்ணப் பத்திரம் அன்று. கூடுதல் ஆதரவு தேவைப்படுவோரையும் உள்ளடக்கிய எல்லோருடைய உரிமைகளையும் பாதுகாக்க வேண்டும் என அதன் முகவுரை கூறுகின்றது. பிள்ளைகள் மறைத்து வைக்கப்படுவதையும் கைவிடப்படுவதையும் தடுக்கும் கடப்பாட்டை 23ஆம் உறுப்புரை விதிக்கின்றது. வறுமையில் வாழும் குடும்பங்களுக்குச் செலவுக்கான உதவி, பயிற்சி, ஆலோசனை, பராமரிப்பவர் சற்று ஓய்வெடுப்பதற்கான மாற்றுப் பராமரிப்பு ஆகியன அரசின் பொறுப்பென 28ஆம் உறுப்புரை குறிப்பிடுகின்றது. 1996ஆம் ஆண்டின் சட்டத்திலோ பராமரிக்கும் பெற்றோரைப் பற்றி எதுவும் கூறப்படவில்லை. புதிய சட்டமூலத்துக்கான வரைவுகள் பல தடவைகள் தயாரிக்கப்பட்டு, பேசப்பட்டு, ஆட்சி மாற்றங்களுக்கிடையே தாமதப்பட்டு வந்தமை இத்துறையில் உள்ளோர் நன்கறிந்த கதை.

2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து வயதும் அதற்கு மேற்பட்டும் உள்ளவர்களுள் சுமார் 16 இலட்சம் பேர், அதாவது 8.7 சதவீதமானோர், ஏதேனுமொரு இயலாமையுடன் வாழ்ந்தனர். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள் அந்தக் கணக்கில் இல்லை. தலையீடு அதிகம் பயன்தரக்கூடிய வயது எதுவோ அதுவே கணக்குக்கு வெளியே நின்றது. மாதாந்தக் கொடுப்பனவு 2019இல் 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாக்கப்பட்டது. அஸ்வெசும வந்த பின்னர் மேலும் உயர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் விலைவாசி அந்த உயர்வை விழுங்கிவிட்டது என்பதை விளக்கத் தேவையில்லை. அதிலும் இது பிள்ளைக்கான கொடுப்பனவே. வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் நிற்கும் தாயின் இழந்த வருமானத்தை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இவையெல்லாவற்றையும்விடக் கனமான கேள்வி ஒன்று இந்தப் பெற்றோரின் நெஞ்சில் இருக்கின்றது. நாம் கண்ணை மூடிய பின் இந்தப் பிள்ளையை யார் பார்ப்பது என்பதே அது. இக்கேள்வியைக் கேட்கும்போது, தமது பிள்ளை தமக்கு முன்னரே போய்விட வேண்டும் என்று பிரார்த்திக்கும் தாய்மாரும் இருக்கின்றனர். பெற்ற வயிறு அப்படிப் பிரார்த்திக்க நேர்வதைவிடக் கொடியது வேறொன்று இருக்க முடியுமா?

இதில் சட்டம் எங்கே நிற்கின்றது என்பதைப் பலர் அறியார். பிள்ளைக்கு 18 வயது பூர்த்தியாகும் நாளுடன் பெற்றோருக்குரிய இயற்கைப் பாதுகாவலர் என்ற தகுதி முடிவுக்கு வருகின்றது. சட்டத்தின் கண்ணில் அந்தப் பிள்ளை அப்போது வயதுவந்த ஆள். வங்கிக் கணக்கு, காணி, நட்டஈடு என்று எதுவாயினும், அதைப் பிள்ளையின் சார்பில் கையாள வேண்டுமானால் மாவட்ட நீதிமன்றத்துக்குச் செல்ல வேண்டும். அங்கே குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் கீழ், தன் பிள்ளை சித்தசுவாதீனமற்ற ஆள் என்று தாயே விண்ணப்பித்து, விசாரணை நடந்து, பின்னரே பாதுகாவலரோ ஆதன முகாமையாளரோ நியமிக்கப்படுவார். பத்தொன்பதாம் நூற்றாண்டில், சொத்துள்ள குடும்பங்களின் ஆதனத்தைக் காக்கும் நோக்கில் எழுந்த ஏற்பாடு இது. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாத ஏழைத் தாய்க்கு இதில் வழியேதுமில்லை.

சொத்து விடயத்தில் எமது இரு சமூகங்களின் வழமைகளும் இந்தப் பிள்ளைகளை மறந்தே உருவாகியுள்ளன. யாழ்ப்பாணத்தில் வீடும் வளவும் சீதனமாகப் பெண்மக்களுக்குப் போகின்றன; படுக்கையிலுள்ள பிள்ளைக்கு எஞ்சுவது உடன்பிறந்தாரின் இரக்கம் மட்டுமே. முஸ்லிம்களைப் பொறுத்தவரை, வாரிசுப் பங்குகள் மார்க்கத்தில் வரையறுக்கப்பட்டுள்ளதுடன், வாரிசாகவுள்ள ஒருவருக்கு மரணசாசனத்தின் மூலம் கூடுதலாக எழுதிவைப்பது மார்க்க ரீதியில் ஏற்கப்படுவதில்லை. ஆகவே உயிருடன் இருக்கும்போதே ஹிபா எனப்படும் நன்கொடையாகவோ, வக்பு மூலமோ ஏற்பாடு செய்ய வேண்டியுள்ளது. தேவையின் நிமித்தம் ஒரு பிள்ளைக்குக் கூடுதலாகக் கொடுப்பது பற்றி உலமாக்கள் வெளிப்படையாக வழிகாட்டுவது பல குடும்பங்களின் தயக்கத்தைப் போக்கும். அரச ஊழியரின் பிள்ளையாயின் பெற்றோரின் மறைவுக்குப் பின் அநாதைகள் ஓய்வூதியத்தைத் தொடர்ந்து பெறும் வாய்ப்பு உண்டு. இது தெரியாமல் காலங்கடந்து அலைவோர் உள்ளதால், ஓய்வூதியம் பெறுவோர் முற்கூட்டியே மருத்துவச் சான்றுகளைப் பதிவு செய்துகொள்வது நன்று. கூலித் தொழிலாளிக்கும் மீனவருக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் இந்த வாய்ப்பும் இல்லை.

இக்கேள்வியை முதலில் கேட்டவர்கள் நாமல்லர். அயல்நாடான இந்தியாவில் இதே கேள்வி ஒரு சட்டமாகவே மாறியது. பெருமூளை வாதம் கொண்ட மகளின் தாயான மிது ஆலூர், 1970களின் தொடக்கத்தில் மும்பாயில் அத்தகைய பிள்ளைகளுக்கான நிலையத்தை ஆரம்பித்தார். கடுமையான பெருமூளை வாதம் கொண்ட மகனின் தாயான பூனம் நடராஜன், 1985இல் சென்னையில் தொடங்கிய அமைப்பே இன்று 'வித்யாசாகர்' என்று அறியப்படுகின்றது. இவர்களைப் போன்ற பெற்றோர் நாடெங்கும் சங்கங்களாகத் திரண்டு எழுப்பிய கோரிக்கையின் விளைவாக 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் நிறைவேறியது. ஆட்டிசம், பெருமூளை வாதம், மனவளர்ச்சிக் குறைபாடு, பல்வகை இயலாமை ஆகியவற்றுடன் வாழ்வோருக்கானது அது. பின்னாளில் பூனம் நடராஜனே அந்த அறக்கட்டளையின் தலைவராகவும் பணியாற்றினார். வீட்டில் பிள்ளையைத் தூக்கிச் சுமந்த ஒருவர், அப்பிள்ளைகளுக்கான தேசிய நிறுவனத்தை நடத்தும் நிலைக்கு வந்தமை குறிப்பிடத்தக்கது.

அச்சட்டத்தின் கீழ் நீதிமன்றப் படியேறத் தேவையில்லை. மாவட்ட மட்டத்தில் மூவர் கொண்ட குழு உண்டு: மாவட்ட ஆட்சித் தலைவர் நிலையிலுள்ள அதிகாரி, பதிவுபெற்ற அமைப்பொன்றின் பிரதிநிதி, இயலாமையுடன் வாழும் ஒருவர். அக்குழு பாதுகாவலரை நியமிக்கின்றது. நியமிக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் சொத்து விபரத்தையும், பின்னர் ஆண்டுதோறும் கணக்கையும் சமர்ப்பிக்க வேண்டும். புறக்கணிப்போ துஷ்பிரயோகமோ நேர்ந்தால் அவரை நீக்கலாம். நடைமுறையில் குறைகள் நிறையவே உண்டு. சில மாவட்டங்களில் குழு கூடுவதே அரிது என்ற முறைப்பாடும் உண்டு. ஆயினும் ஏழைத் தாய்க்குத் தட்டுவதற்கு ஒரு கதவாவது இருக்கின்றது.

பாதுகாவலர் முறையே தவறு என்று வாதிடுவோரை நாம் அறிவோம். ஐ.நா. சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை எவருக்கும் சட்ட ஆளுமையை மறுக்கலாகாது என்கின்றது. ஒருவருக்காக முடிவெடுப்பதைவிட முடிவெடுக்க அவருக்கு ஆதரவளிப்பதே சரியானது என்பது அதன் கோட்பாடு. அது நியாயமான கோட்பாடு. பிள்ளையின் பெயரிலுள்ள காணியை அபகரித்த உறவினரையும், கொடுப்பனவைத் தாமே செலவிடும் பாதுகாவலரையும் நாம் காணாதவர்களல்லர். ஆனால் கண்ணிமைப்பிலும் அழுகையின் தொனி மாற்றத்திலும் மட்டுமே விருப்பு வெறுப்பைக் காட்டும் பிள்ளையின் விடயத்தில், அந்த மொழியை வாசிக்கத் தெரிந்தவர் பெரும்பாலும் ஒருவர்தாம். அவரை ஆதரவாளர் எனச் சட்டம் அங்கீகரிக்க வேண்டும். கணக்குக் கேட்கவும் வேண்டும். அவருக்குப் பின் அப்பணியை ஏற்பவரை அவர் இருக்கும்போதே பழக்கியெடுக்க வழிசெய்யவும் வேண்டும். சமவாயத்தின் நோக்குக்கு இது முரணானதன்று.

போரினால் அவயவம் இழந்தோரின் துயர் எமது பிரதேசங்களில் முன்னுரிமை பெற்றது இயல்பே. 1990இலும் 2009இலும் பிள்ளையைத் தோளில் சுமந்தவாறே இடம்பெயர்ந்த பெற்றோர் அந்த வரிசையில் பின்னுக்கு நின்றனர். அவர்கள் இன்று முதியோர். அந்தப் பிள்ளைகளுக்கு முப்பதும் நாற்பதும் வயதாகின்றது. கிராம உத்தியோகத்தர் மட்டத்திலிருந்து இவர்களின் பெயர்ப்பட்டியலைத் தயாரிக்க மாவட்டச் செயலாளர்கள் புதிய சட்டமொன்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கோவில் அறங்காவலர் சபைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் தத்தம் ஊரில் எத்தனை வீடுகளில் உள்ளறைக் கதவு சாத்தப்பட்டிருக்கின்றது என்பதை நன்கறியும். எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் பல விடயங்களில் தமிழர் என்றும் முஸ்லிம்கள் என்றும் பிரிந்து நிற்கின்றனர். இச்சட்டமூலத்தில் பராமரிப்பவருக்கான கொடுப்பனவையும், மாவட்ட மட்டப் பாதுகாவலர் குழுவையும் சேர்க்குமாறு ஒரே குரலில் கோருவதற்கு அவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை. அக்குழுவை அமைப்பதற்குப் புதிய கட்டடமும் தேவையில்லை. மாவட்டச் செயலகத்தில் ஓர் அறையும், அதற்குள் சக்கர நாற்காலி போகக்கூடிய வாசலும் போதும்.