காய்ச்சலோடு ஓடும் பவர் டேபிள்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "சளி, காய்ச்சலுக்கெல்லாம் லீவு போட்டா ஷிப்மென்ட் எப்படிப் போகும்? ஒரு மாத்திரையப் போட்டுட்டு மெஷின்ல உட்காரு, சரியாயிடும்." சூப்பர்வைசர் சொல்கிறார், காண்ட்ராக்டர் சொல்கிறார், பல நேரம் தொழிலாளியே தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். இந்தப் பேச்சு நிற்கும் ஒவ்வொரு காலும் பலவீனமானது.

முதல் வாதம், மாத்திரை போட்டால் போதும் என்பது. பாரசிட்டமால் காய்ச்சலை இறக்கும். தொண்டையில் பெருகும் வைரஸை அது தொடுவதே இல்லை. இன்ஃப்ளூயன்சா வந்தவர் அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே நோயைப் பரப்பத் தொடங்கிவிடுகிறார். நோய் கண்ட முதல் மூன்று, நான்கு நாட்களில் பரவல் உச்சத்தில் இருக்கும். மாத்திரைத் தெம்பில் வேலைக்கு வருகிற நாட்களும் அவையே. மாத்திரை இல்லாமல் ஒரு முழு நாள் காய்ச்சலின்றிக் கழிந்த பிறகு திரும்புவதே சரி.

"இங்க எல்லாருக்கும் பஞ்சு இருமல்தான்" என்பது அடுத்தது. பஞ்சுத் தூசி இருமலைத் தரும் என்பது உண்மை. அதனாலேயே தொற்று இருமல் அதற்குள் மறைந்துகொள்கிறது. இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குக் காசநோய்ப் பரிசோதனை அவசியம்; அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். தூசி மீதே பழியைப் போட்டுக்கொண்டிருந்தால் காசநோயும் கண்ணில் படாமல் போகும்.

ஒருவர் இருமினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்குத் தென்கொரியத் தலைநகர் சியோல் பதில் சொல்கிறது. 2020 மார்ச்சில் அங்கே ஒரு கால் சென்டரில், ஒரே தளத்தில் வேலை செய்த 216 பேரில் 94 பேருக்குக் கொரோனா உறுதியானது. அவர்களில் பெரும்பாலோர் அந்தத் தளத்தின் ஒரே பக்கத்தில் நெருக்கமாக உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். பவர் டேபிள் எனப்படும் தையல் பிரிவில் ஓவர்லாக், ஃபிளாட்லாக் மெஷின்கள் வரிசையாக நிற்க, டெய்லர்கள் தோளோடு தோள் உட்காரும் கூடமும் அப்படிப்பட்டதுதான். சீலிங் ஃபேன் உள்ளிருக்கும் காற்றையே சுழற்றும். புதுக் காற்று வர ஜன்னல் திறக்க வேண்டும், எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட வேண்டும்.

முகக்கவசம் இருக்கிறதே என்பார்கள். 2020இல் லட்சக்கணக்கில் முகக்கவசம் தைத்த ஊர் திருப்பூர். ஆனால் நீளும் பனியன் துணியில் தைத்தால் கண்ணிகள் விரிந்து, வடிகட்டும் திறன் குறைந்துவிடும். வங்கதேசத்தில் சுமார் 600 கிராமங்களில், 3.4 லட்சம் பேரிடம் நடந்த ஆய்வில், சர்ஜிக்கல் முகக்கவசம் கொடுத்த ஊர்களில் தொற்று தெளிவாகக் குறைந்தது. துணி முகக்கவசத்தில் அந்தத் தெளிவு கிடைக்கவில்லை. லேசான இருமல் மிச்சமிருக்கும் நாட்களுக்கு நல்ல முகக்கவசம் உதவும். காய்ச்சலோடு வருபவருக்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது.

லீவு கொடுத்தால் நஷ்டம் என்ற கணக்குக்கும் வருவோம். ஒரு டெய்லர் மூன்று நாள் வராவிட்டால் அந்த மெஷினுக்கு இன்னொருவரை மாற்றலாம். அடுத்த வாரம் அதே லைனில் ஐந்து பேர் படுத்துவிட்டால் செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாமே பின்தங்கும். சம்பளத்தோடு நோய் விடுப்பைக் கட்டாயமாக்கிய அமெரிக்க மாநிலங்களில் காய்ச்சல், சளி நோய்கள் முதல் ஆண்டிலேயே சுமார் 11 சதவீதம் குறைந்தன.

கடைசி வாதம்தான் உண்மைக்கு மிக அருகில் வருவது: "ஈஎஸ்ஐ இருக்கே, லீவு போட வேண்டியதுதானே?" தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான ஈஎஸ்ஐயின் நோய்க்கால உதவி சராசரி தினக்கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஆனால் வழக்கமாக முதல் இரண்டு நாளுக்குப் பணம் இல்லை. நோய் அதிகம் பரவும் நாட்களில் கை வெறுமையாகிறது! காண்ட்ராக்டரிடம் பீஸ் ரேட்டில் தைக்கும் பலருடைய பெயர் ஈஎஸ்ஐ பதிவிலேயே இருப்பதில்லை. சனிக்கிழமைச் சம்பளத்தில் வாடகையும் மளிகையும் ஓட்டும் குடும்பம் இரண்டு நாள் கூலியை எப்படி விடும்? இருமிக்கொண்டு வருபவரைக் குறை சொல்வது நியாயமே அல்ல.

அந்த இரண்டு நாள் கூலியைக் கம்பெனியே கொடுக்கலாம். பீஸ் ரேட்காரருக்கு முந்தைய நான்கு வாரச் சராசரியை எடுத்துக்கொள்ளலாம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஒரே அறையில் பலராகத் தங்குகிறவர்களுக்கு வீட்டில் இரு என்ற அறிவுரை பயன்படாது. அவர்கள் தங்கும் விடுதியில் ஜன்னலுள்ள ஓர் அறையை நோயாளிகளுக்கென ஒதுக்கி, வேளாவேளைக்குக் கஞ்சியும் வெந்நீரும் அங்கேயே போய்ச் சேர ஏற்பாடு செய்ய வேண்டும்.