வேரும் நம்பிக்கையும்

"டாக்டர் பாய், நோய் தீருவது உங்கள் மாத்திரையாலா, ஆண்டவன் கிருபையாலா?" என்று ஆரணியில் என்னைக் கேட்காதவர்கள் குறைவு. ஐந்து வேளைத் தொழுகையை விடாதவன் ஸ்டெதாஸ்கோப்பையும் விடாமலிருப்பது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றுகிறது போலும்! நோயைத் தந்தவன் அதற்கு மருந்தையும் படைத்திருக்கிறான் என்பது எங்கள் மார்க்கத்தின் போதனை. அம்மருந்து எது என்று தேடிக் கண்டறியும் வேலையை மட்டும் அவன் மனிதனிடம் விட்டிருக்கிறான். நம்பிக்கையும் தேடலும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல என்பதற்கு, நான் அடிக்கடி படித்து மகிழும் சரித்திரம் ஒன்று உண்டு.

டில்லி ஹகீம் அஜ்மல் கான் 1868-ல், தலைமுறை தலைமுறையாக யூனானி வைத்தியம் செய்துவந்த குடும்பத்தில் பிறந்தவர். 1921-ல் ஆமதாபாத் காங்கிரஸுக்குத் தலைமை வகித்தவர். யூனானியையும் ஆயுர்வேதத்தையும் ஒரே கூரையின் கீழ்க் கற்பிக்க அவர் நிறுவிய திப்பியாக் கல்லூரியை அதே ஆண்டில் மகாத்மா காந்தி திறந்து வைத்தார். முன்னோர் வைத்தியத்தில் ஹகீம் சாகிபுக்கு இருந்த பற்று அளவற்றது. ஆயினும், "முன்னோர் சொல்லிவிட்டார்கள், அது போதும்" என்று அவர் வாளாவிருக்கவில்லை. ஜெர்மனியில் ரசாயனம் பயின்று திரும்பிய ஸலீமுஸ்ஸமான் ஸித்திகி என்ற இளைஞரைக் கொண்டு நாட்டு மூலிகைகளைச் சோதிக்க ஏற்பாடு செய்தார். 1927-ல் அவர் காலமான பின்னும் அந்த வேலை நிற்கவில்லை.

சோதிக்கப்பட்ட வேர்களில் ஒன்று சர்ப்பகந்தி. 1931-ல் ஸித்திகி அதிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளுக்கு, தம்மை ஆதரித்த பெரியாரின் நினைவாக 'அஜ்மலின்' என்று பெயரிட்டார். 1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல், அதே வேர் ரத்தக் கொதிப்பைத் தணிப்பதை நோயாளிகளிடம் அளந்து பார்த்து எழுதினார். 1952-ல் ஸ்விட்சர்லாந்தில் அதிலிருந்து 'ரெஸர்பின்' பிரிக்கப்பட்டு உலகெங்கும் வழங்கலாயிற்று. பிறகு, சிலருக்கு அது மனச்சோர்வை உண்டாக்குவது தெரிந்தது. மேலான மருந்துகளும் வந்தன. ரெஸர்பின் பின்னுக்குச் சென்றது. ஒரு வேரின் குணத்தையும் குற்றத்தையும் ஒருங்கே எழுதி வைத்தார்கள் பாருங்கள், அதுவே படிப்பின் பெருமை!

இதற்கும் நம் ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். குழித்தறியில் காலை இறக்கிப் பட்டு நெய்யும் நம்மவர்களில் ரத்தக் கொதிப்புள்ளவர்கள் உண்டு. அவர்களில் சிலர், உடம்பு தேறிவிட்டது, இனி ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். வேறு சிலர், வேர் என்றால் தீங்கில்லை என்று எண்ணி, அளவு தெரியாமல் பொடி வாங்கி உண்கிறார்கள். ரத்தக் கொதிப்போ பெரும்பாலும் வலி காட்டாத நோய். ஒரு நாள் அது பக்கவாதமாக வந்து கையை முடக்கிவிட்டால், நாடா ஓட்டுவது யார்? பாதி நெய்த சேலையோடு, அதை நம்பிய குடும்பமும் அல்லவா நின்றுவிடும்?

அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பாவில் ஓர் இழை அறுந்தால், ஆண்டவன் முடிந்து தரட்டும் என்று எந்த நெசவாளரும் காத்திருப்பதில்லை. அவன் பெயரைச் சொல்லிக்கொண்டே தம் கையால் முடிகிறார். தேகத்தின் இழைக்கும் அந்தக் கவனம் வேண்டும். இரவுத் தொழுகை முடிந்ததும் நான் வைத்திய நூலைத் திறந்து உட்காருவதும் அதற்காகத்தான்.