உயிலுக்கு இருக்கும் மரியாதை கண்ணுக்கு இல்லையா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சுக்குப் போனால், ஏதாவது ஒரு விழிப்பு உணர்வு நடைப்பயணம் உங்களை வழிமறிக்கும். ஒரு வாரம் பிளாஸ்டிக், ஒரு வாரம் புற்றுநோய், ஒரு வாரம் உடல் உறுப்பு தானம். ஒரே கலரில் டி-ஷர்ட், தொப்பி, பேனர். தானம் என்றால் படிவம் நீட்டுவார்கள். கையெழுத்துப் போட்டால் ஒரு அட்டை கிடைக்கும். அதைப் பர்ஸில் செருகிக்கொண்டு காபி குடிக்கப் போய்விடலாம். புண்ணியம் சேர்ந்துவிட்டது.

சேரவில்லை என்பதுதான் என் கட்சி.

எங்கள் ஏரியாவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதில் வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். ஓர் இரவு மாரடைப்பில் போய்விட்டார். மூத்த மகன் அமெரிக்காவில். 'அவன் வந்து முகம் பார்க்காம எதுவும் கிடையாது' என்று முடிவாயிற்று. ஃப்ரீசர் பெட்டி வந்து இறங்கியது. பதிமூன்றாம் நாள் காரியமெல்லாம் முடிந்து பீரோவை ஒழித்தபோது, எஃப்.டி. ரசீதுகளுக்கு நடுவில் கண் தான அட்டை அகப்பட்டது. பத்து வருஷப் பழசு!

கருவிழியை எடுக்க ஆறு மணி நேரம்தான் கெடு. அமெரிக்காவிலிருந்து வருகிறவருக்கு ஒரு நாளாவது வேண்டும். இத்தனைக்கும் கண் வங்கிக்காரர்கள் வீட்டுக்கே வந்து அரை மணிக்குள் வேலையை முடித்திருப்பார்கள். மகன் வந்து பார்க்கும்போது அப்பாவின் முகத்தில் எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது. பெரியவரின் எஃப்.டி.க்கு நாமினி பக்காவாக இருந்தது. கண்ணுக்குத்தான் நாதி இல்லை.

நான் பி.காம். படித்தவன். சொத்துக் கணக்கில்தான் எனக்கு எதுவும் புரியும். இரண்டு சாட்சிகளை வைத்து உயில் எழுதி, என் சம்பாத்தியத்தில் வாங்கிய ஃபிளாட்டை யாரோ ஒரு மூன்றாம் மனிதருக்குத் தந்துவிட்டுப் போகலாம். பிள்ளை கத்தலாம், கோர்ட்டுக்குப் போகலாம். உயிலை எழுதியது நான்தான், சுயநினைவோடுதான் எழுதினேன் என்று நிரூபணமாகிவிட்டால் அவனால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் என் சிறுநீரகத்தை யாருக்காவது கொடுங்கள் என்று எழுதிவைத்தால்? ஐ.சி.யூ. வாசலில் அவன் 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். விஷயம் முடிந்தது.

சட்டம் இப்படிச் சொல்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். 1994-ம் வருட மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின் மூன்றாவது பிரிவைப் படித்துப் பாருங்கள். குறைந்தது இரண்டு சாட்சிகள் முன்னிலையில், அதில் ஒருவராவது நெருங்கிய உறவினராக இருக்க, ஒருவர் எழுத்துமூலம் சம்மதம் தந்திருந்தால், உடலைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதற்கு வசதி செய்து தர வேண்டும். இறந்தவர் பின்னால் மனசு மாறிவிட்டார் என்று நம்பக் காரணம் இருந்தால் மட்டும்தான் விலக்கு. 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று சித்தப்பா சொல்வது அந்தக் காரணத்தில் வராது. ஆனால் நடைமுறையில், நீங்கள் எத்தனை அட்டை வைத்திருந்தாலும் குடும்பத்தின் கையெழுத்து இல்லாமல் ஆஸ்பத்திரி தொடாது.

டாக்டர்களைத் திட்டிப் பயன் இல்லை. அழுதுகொண்டிருக்கிற குடும்பத்தை எதிர்த்து எந்த டாக்டர் கத்தியை எடுப்பார்? மறுநாளே 'கிட்னி திருட்டு' என்று சுவரொட்டி முளைக்கும். அந்தச் சந்தேகத்தையும் என்னால் கேலி செய்ய முடியவில்லை. வில்லிவாக்கத்தை 'கிட்னிவாக்கம்' என்று கூப்பிட்ட ஊர் இது. சுனாமியில் எல்லாம் இழந்து எர்ணாவூரில் தங்கியிருந்த மீனவப் பெண்கள் சிறுநீரகத்தை விற்ற கதை 2007-ல் வெளியே வந்தது. வெளிநாட்டவருக்கு இதயங்கள் போனது பற்றி 2018-ல் எழுந்த சர்ச்சையும் மறந்துவிடவில்லை. சந்தேகத்தை அரசு போக்கத்தான் வேண்டும். அதற்காக இறந்தவரின் கையெழுத்தைக் குப்பையில் போட வேண்டியதில்லை.

மூளைச்சாவை ஒரே டாக்டர் முடிவு செய்வதில்லை. நான்கு பேர் கொண்ட குழு, ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துச் சான்று தர வேண்டும். உறுப்பைப் பொருத்தப்போகிற டாக்டர் அந்தக் குழுவில் இருக்கக் கூடாது. இதைப் பேரணி பேனரில் போடுங்களேன், 'தானம் செய்வீர்' என்பதற்குப் பதிலாக.

2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்துச் சிறுவன் ஹிதேந்திரனின் இதயம், தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு 11 நிமிஷத்தில் பறந்தது. போலீஸ் சாலையைத் திறந்துவிட்டது. ஒன்பது வயதுப் பெண் குழந்தைக்கு அந்த இதயம் பொருத்தப்பட்டது. தமிழ்நாடே அழுதது. ஆனால் அந்த முடிவை எடுத்தது 15 வயதுப் பையன் இல்லை. டாக்டர்களான அவனுடைய அப்பாவும் அம்மாவும். அன்றைக்குப் பேசியது குடும்பம். நான் கேட்பது, குடும்பம் 'மாட்டோம்' என்று சொல்கிற இடத்தில், வயது வந்த ஒரு மனிதர் எழுதிவைத்தது பேசுமா என்று.

உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு என்று 2023-ல் முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். நல்ல காரியம், மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் மாலை போடுவதற்கு முன்னால் கையெழுத்துக்கு ஒரு மரியாதை கொடுங்கள். டிரைவிங் லைசென்ஸ் விண்ணப்பத்தில் விருப்பத்தைக் கேட்கிறார்கள். ஆதார் எண்ணைக் கொடுத்து ஆன்லைனிலும் உறுதிமொழி பதியலாம். ஓ.டி.பி. வருகிறது. நீங்கள் நீங்கள்தான் என்று அது நிரூபிக்கும். உங்கள் பிள்ளைக்கு விஷயம் தெரியும் என்று நிரூபிக்குமா?

அந்த மூத்த மகன் இருக்கும் அமெரிக்காவில், வயது வந்த ஒருவர் பதிந்துவைத்த முடிவைப் பொதுவாகக் குடும்பம் மாற்ற முடியாது. சிங்கப்பூர் 1987-லேயே 'வேண்டாம் என்று எழுதித் தராதவர் எல்லாம் சம்மதித்தவரே' என்று சட்டம் போட்டது. எழுதித் தந்தவருக்கு, நாளை தனக்கு ஓர் உறுப்பு தேவைப்பட்டால் வரிசையில் பின்னால்தான் இடம். அவ்வளவு கறார் நமக்கு ஒத்துவராது. உறுப்பு தானத்தில் உலகுக்கே முன்னோடியான ஸ்பெயினில்கூட, ஏட்டில் அப்படிச் சட்டம் இருந்தும், குடும்பத்தைக் கேட்காமல் செய்வதில்லை. கேட்கப் பயிற்சி பெற்ற ஆட்களை ஆஸ்பத்திரிகளில் வைத்திருக்கிறார்கள். அங்கே கேள்வி, 'நீங்க தருவீங்களா?' என்பதல்ல. 'அவர் என்ன விரும்பினார்?' என்பது. இந்த ஒரு கேள்வியை மாற்ற நமக்கு எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டாம்.

கண்ணப்ப நாயனார் யாரிடமும் என்.ஓ.சி. வாங்கவில்லை. நமக்கு அந்த வசதி இல்லை. வீட்டில் பேசியாக வேண்டும். சாவைப் பற்றிப் பேசினால் 'வாயக் கழுவு' என்பார்கள். என் வீட்டிலும் சொன்னார்கள். மனைவியைச் சாட்சிக் கையெழுத்துப் போடவைப்பதற்கு எனக்கு நான்கு மாசம் ஆயிற்று.

கடைசியாக ஒன்று. இதயம், கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் பெரும்பாலும் மூளைச்சாவு நேர்ந்து ஐ.சி.யூ.வில் இருப்பவரிடமிருந்துதான் எடுக்கிறார்கள். நம்மில் மிகச் சிலருக்கே அப்படி நேரும். கண் அப்படி இல்லை. வீட்டில் இறந்தாலும் தரலாம். சர்க்கரை, கண்ணாடி, காட்டராக்ட் ஆபரேஷன், எண்பது வயது, எதுவும் தடை இல்லை. இறந்தவர் அட்டை எழுதியிருக்க வேண்டும் என்பதும் இல்லை, குடும்பம் சரி என்றால் போதும். ஃபேனை நிறுத்துங்கள். இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வையுங்கள். தலையணை வைத்துத் தலையைக் கொஞ்சம் உயர்த்துங்கள். ஃப்ரீசர் பெட்டிக்குப் போன் செய்வதற்கு முன்னால் கண் வங்கிக்குச் செய்யுங்கள். அந்த நம்பரை இன்றைக்கே கண்டுபிடித்து, கேஸ் புக்கிங் நம்பருக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டிவையுங்கள்.